மரணக் கணக்குல "சுரம், ௸, ௸, ௸" - நூறு வருசத்துக்கு முன்னாடி எங்கூர்ல செத்தவங்கள எப்படித் தேடறதுங்க?

#1 காங்கேயத்தான்

வணக்கமுங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் மொத இழை போடறேன், தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க பங்காளி வீடு ஒண்ணு, அந்தக் காலத்துல ஊர் மணியம் (கிராம அதிகாரி வேலை) பாத்த குடும்பம். போன மாசம் பழைய ஓட்டு வீட்ட இடிச்சாங்க. அட்டாலி மேல ஒரு தகரப்பெட்டி, உள்ள கிஸ்தி ரசீதுக் கட்டு, ஒரு ஒடஞ்ச மைக்கூடு, அப்பறம் துணி அட்டை போட்ட நோட்டு ஒண்ணு, பாதிய செல்லு அரிச்சுருச்சு. "ஜனன மரணக் கணக்கு"ன்னு இருக்குது. பழைய பேப்பர்க்காரனுக்குப் போட இருந்தாங்க, நாந்தான் குடுங்கன்னு வாங்கிட்டு வந்தேன்.

தேதி, பேரு, தகப்பன் இல்லாட்டி புருசன் பேரு, ஜாதி, வயசு, காரணம்னு கட்டம் கட்டியிருக்குது. மொதல்ல எல்லாம் ஒரு பக்கத்துக்கு ஆறு மாசம், எட்டு மாசம்னு ஓடுது. பேதி, அம்மை, பாம்பு கடிச்சு, கெணத்துல வுழுந்துன்னு ஒவ்வொண்ணும் வேற வேற. திடீர்னு ஒரு ஐப்பசி மாசம் வருது, மேல மொத வரியில "சுரம்"னு, அதாவது காச்சல்னு, எழுதியிருக்காரு. அதுக்குக் கீழ பக்கம் முடியற வரைக்கும் அந்தக் கட்டத்துல ஒரே ஒரு குறி, ௸ ௸ ௸ ௸ன்னு. அடுத்த பக்கத்துலயும் மேல ஒருக்கா "சுரம்", கீழ மறுபடியும் அதே குறி. எழுதறவருக்கே கை அலுத்துப் போயிருக்கும் போல, கடைசில அந்தக் குறியும் வெறும் சுழியாட்ட ஆயிருச்சு.

எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா) கைக்கொழந்தையா இருக்கறப்பவே அவரோட அம்மா வெசக்காச்சல்ல போயிட்டாங்கன்னு சொல்லுவாங்க. அவரை வளத்ததெல்லாம் அத்தைக்காரி. அந்தம்மா பேரு என்னன்னு இப்ப உசுரோட இருக்கற யாருக்கும் தெரியல. நோட்டுல பாத்தா ஒரு வரி ஒத்துப்போகுது, ஆனா பேரு இருக்க வேண்டிய எடத்துல "இன்னாரு பெண்சாதி"ன்னுதான் இருக்குது. புருசன் பேரு சரி, வயசு 22, காரணம் ௸.

இவங்க பேரக் கண்டுபிடிக்க வழி இருக்குதுங்களா? அந்த ஐப்பசி எந்த வருசம்னு எப்படிப் பாக்கறது? "காளயுத்தி"ன்னு போட்டிருக்குது.

#2 தாலுக்காபீஸ்_தாத்தா

தம்பி, முதல்ல அந்த நோட்ட வெயில்ல காய வைக்காதீங்க, பிளாஸ்டிக் கவர்லயும் போடாதீங்க. சுத்தமான பருத்தித் துணியில சுத்தி, காத்தோட்டமா வைங்க. லேமினேட் பண்ணணும்னு எவனாவது சொன்னா அவன வீட்டுக்குள்ளயே விடாதீங்க. நான் 34 வருஷம் ரெவின்யூல குப்பை கொட்டினவன், லேமினேட் பண்ணி நாசமாப் போன ரெக்கார்டு எத்தனையோ பாத்துட்டேன்.

காளயுக்தி 1918 சித்திரையில இருந்து 1919 பங்குனி வரைக்கும். ஐப்பசின்னா 1918 அக்டோபர் பாதியில இருந்து நவம்பர் பாதி. வேற சந்தேகமே வேணாம், அது இன்புளுயன்சா. பம்பாய்ல ஜூன்ல வந்து இறங்கிச்சு, மொத தடவை லேசாப் போச்சு, செப்டம்பருக்கு மேல ரெண்டாவது அலை வந்துதான் அள்ளிக்கிட்டுப் போச்சு. இந்தியா முழுக்க எத்தனை பேர்னு இன்னைக்கு வரைக்கும் அடிச்சுக்கிறாங்க, ஒரு கோடியே இருபது லட்சத்துல இருந்து ஒரு கோடியே எண்பது லட்சம் வரைக்கும் ஆளாளுக்கு ஒரு கணக்கு. மெட்ராஸ் மாகாணம் பம்பாய் மாகாணம் அளவுக்கு அடி வாங்கல, ஆனாலும் கொஞ்சமில்ல. தமிழ்நாட்டுப் பகுதி ஜனத்தொகை 1901ல 1.92 கோடி, 1911ல 2.09 கோடி, 1921ல 2.16 கோடி. வளர்ச்சி எப்படி நொண்டிச்சுன்னு பாருங்க. இந்தியா மொத்தத்துக்கும் (இப்ப இருக்கிற எல்லைக்குள்ள) ஜனம் குறைஞ்ச ஒரே சென்சஸ் 1921தான்.

"சுரம்"னு ஏன் போட்டாருன்னா, மணியக்காரர் என்ன டாக்டரா? மேல அனுப்புற படிவத்துல இருந்த தலைப்பே காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், வயித்துப்போக்கு-சீதபேதி, சுவாச நோய், காயம், மத்தவைன்னு அவ்வளவுதான். புதுசா ஒரு நோய் வந்தா அதுக்குக் கட்டம் கிடையாது, அதனால இன்புளுயன்சாவுல செத்தவன் பெரும்பாலும் "காய்ச்சல்" கட்டத்துலதான் போய் உக்காந்தான்.

௸ன்னா "மேற்படி". நாங்க ஷைன்னு வாசிப்போம். ௳ நாள், ௴ மாசம், ௵ வருஷம், ௺ நம்பர். இது நாலும் தெரிஞ்சா பாதி நோட்டு படிச்சுடலாம்.

ஒரு வேலை செய்யுங்க. அதே நோட்டுல 1919 ஜனனப் பக்கத்தப் பாருங்க, ஆடி ஆவணி பக்கம். சொல்லுங்க.

#3 சும்மா_வந்தவன்

சாரி ஃபார் ஆஃப் டாபிக், ஆனா நூறு வருஷம் முன்னாடி செத்த ஒரு பாட்டி பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? சராசரி ஆயுசே அப்ப 20 வயசுதானே, எல்லாரும் சின்ன வயசுலயே செத்துட்டாங்க, அவ்ளோதான் மேட்டர்.

#4 தாலுக்காபீஸ்_தாத்தா

@சும்மா_வந்தவன் 1911-21ல சராசரி ஆயுசு 20ன்னு சொல்றது சரிதான், அதுக்கு அர்த்தம் எல்லாரும் 20 வயசுல செத்தாங்கன்னு இல்ல. ஆயிரம் குழந்தை பொறந்தா இருநூறு பக்கம் ஒரு வயசு முடியறதுக்குள்ள போயிடும். அதைத் தாண்டினவன், அம்மையையும் பேதியையும் தாண்டினவன், அறுபது எழுபது வரைக்கும் நல்லா ஏர் ஓட்டியிருக்கான். சராசரிங்கிறது அந்தப் பச்சைக் குழந்தைங்க இழுத்து இறக்கினது.

அதுங்க பேரும் நோட்டுல இருக்காது, பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே போயிருக்கும். "ஆண் சிசு" "பெண் சிசு" அவ்வளவுதான்.

#5 பொருநைக்கரை

குழந்தை பேர்னு சொன்னதும் ஞாபகம் வருது. எங்க பக்கம் குப்பாயி, குப்புசாமி, பிச்சை, பிச்சம்மான்னு எல்லா ஊர்லயும் ரெண்டு பேர் இருப்பாங்க. இப்பத்த பிள்ளைகளுக்கு அது சிரிப்பா இருக்கு. முன்னாடி பொறந்த பிள்ளை ஒண்ணு ரெண்டு தங்கலன்னா அடுத்ததக் கொண்டு போயி குப்பையில பொரட்டி எடுப்பாங்க, இல்லாட்டி அக்கம்பக்கத்துக்காரிட்ட குடுத்துட்டு தவிட்டுக்கு வாங்குன மாதிரி, பிச்சையா வாங்குன மாதிரி திரும்ப வாங்கிக்கிடுவாங்க, எமன் கண்ணுக்கு இது வேண்டாத பிள்ளைன்னு காட்டுறதுக்கு. அப்ப உங்க நோட்டுல 1910ல இருந்து 25 வரைக்கும் எத்தனை குப்பாயி இருக்காளோ ஒவ்வொருத்திக்கும் முன்னாடி பேரில்லாத ஒண்ணு ரெண்டு இருந்துச்சுன்னு அர்த்தம்.

எங்களுக்கு திருநெல்வேலிப் பக்கம் கொஞ்சம் அதிர்ஷ்டம் என்னன்னா சர்ச் ரிஜிஸ்தர். கிறிஸ்தவ ஊர்களா இருந்தா ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணும் தனித்தனிப் புஸ்தகம், பொம்பளைங்க பேர் முழுசா இருக்கும். எங்க அப்பா வழி ஆச்சி குடும்பத்தப் பூரா நான் அதுலதான் எடுத்தேன். இந்து வீடா இருந்தா அது கெடையாது, அதுக்குப் பதிலா சாதக ஓலை பாக்கணும். எங்க பக்கத்து ஓலையில கொல்லம் ஆண்டு இருக்கும், 1094ன்னு பாத்துட்டு "ஐயோ சோழர் காலம்"னு ஒரு தம்பி எனக்கு போன் பண்ணான் ஹாஹா. இங்கிலீஷ் வருசம் வேணும்னா கூட 824 இல்லாட்டி 825 கூட்டுங்க, ஆவணியில இருந்து மார்கழி பாதி வரைக்கும் 824, அதுக்கப்புறம் 825.

@காங்கேயத்தான் இன்னொண்ணு. கன்னி கழியாம செத்த பொண்ணா இருந்தா வீட்டுலயே சேலை வச்சுக் கும்பிடுவாங்க, ஒரு பெட்டியிலயோ பானையிலயோ சேலை மடிச்சு வச்சிருப்பாங்க, வருசத்துக்கொரு தடவை மாத்துவாங்க. எங்க பெரியம்மை வீட்டுல அந்தச் சேலைய எடுத்துக் குடுக்கும்போது மட்டும் ஒரு பேர் சொல்லுவாங்க, மத்த நாள்ல அந்தப் பேர யாரும் வாயில எடுக்கறதே இல்ல. உங்க பாட்டி கல்யாணமானவங்க, அதனால இது ஒத்துவராது. ஆனா உங்க பக்கம் இப்படி எதாவது படையல் உண்டா, எந்தச் சாமிக்கு சேலை வைக்கிறாங்கன்னு கேளுங்க.

#6 பாலாத்து_மணல்

நெல்லையண்ணன் சொன்னதுக்குப் பக்கத்துல எங்க வேலூர் பக்கம் பூவாடைக்காரின்னு உண்டு. சுமங்கலியா செத்தவங்க. வீட்டுல கல்யாணம்னா முதல்ல அவங்களுக்குப் படையல் போட்டுட்டுத்தான் பந்தக்கால் வேலையே. ஆனா எல்லா பூவாடைக்காரியும் "பூவாடைக்காரி"தான், பேர் கரைஞ்சு போய்டும். சாமியாக்கறதும் ஒரு வகையில மறக்கறதுதான்னு எனக்குத் தோணும், அது என் கருத்து, சண்டைக்கு வராதீங்க.

எங்க பக்கம் ஆம்பளைங்களத் தேடறவங்களுக்கு ஒரு தகவல். முதல் உலகப்போருக்கு வட ஆற்காட்டுல இருந்து ஏகப்பட்ட பேர் போனாங்க, கம்மவான்பேட்டைய இப்பவும் ராணுவப்பேட்டைன்னுதான் சொல்வாங்க. அந்தக் காலத்துல சில ஊர்கள்ல சர்க்கார் ஒரு கல் பதிச்சு வச்சாங்க, இந்த ஊர்ல இருந்து இத்தனை பேர் 1914-1919 மகா யுத்தத்துக்குப் போனாங்க, அதுல இத்தனை பேர் உயிர விட்டாங்கன்னு. பேர் இருக்காது! நம்பர் மட்டும். மெசபடோமியாவுல (இப்பத்த ஈராக்) செத்தவங்களுக்கு பாஸ்ராவுல பெரிய நினைவுச் சின்னம் கட்டினாங்க, அதுலயும் வெள்ளைக்காரன் பேர் எல்லாம் கல்லுல, நம்ம சாதா சிப்பாய்களுக்கு ரெஜிமெண்ட்டு வாரியா எண்ணிக்கை மட்டும். காமன்வெல்த் போர்க்கல்லறை கமிஷனே 2021ல அறிக்கை போட்டு மன்னிப்பு கேட்டுச்சு. அந்தக் கமிஷன் வெப்சைட்ல இப்ப பேர் போட்டுத் தேடலாம், சில பேருக்கு தகப்பன் பேர், ஊர், தாலுகா வரைக்கும் கிடைக்குது, ஸ்பெல்லிங் மட்டும் கண்றாவியா இருக்கும், நாலஞ்சு விதமா அடிச்சுப் பாருங்க.

#7 தெக்கால_வளவு

எல்லாரும் நல்லா சொல்றீங்க. நான் காங்கேயத்தான் பக்கத்து ஊர்தான், ஆனா வளவு (எங்க ஜாதி ஜனங்க குடியிருப்பு) வேற. கொஞ்சம் கசப்பா இருக்கும், பரவால்லைன்னு படிங்க.

அந்த நோட்டு எப்படி எழுதினதுன்னு யாராச்சும் யோசிச்சீங்களா. எங்க பூட்டன் தோட்டி வேலை. ஊருக்குள்ள ஒரு சாவுன்னா நாலு பக்கமும் ஓடி எழவு சொல்றது அவரு, காட்டுல குழி வெட்டறது அவரு, அப்பறம் மணியகாரர் வாசலுக்கு வெளிய நின்னுகிட்டு இன்னாரு வூட்ல இன்னாரு செத்துட்டாங்க சாமின்னு சொல்றதும் அவரு. திண்ணையில உக்காந்து அவங்க எழுதுவாங்க. ஊருக்குள்ள நடந்த சாவுக்காவது விசாரிப்பாங்க, எங்க வளவுல செத்தா யாரு வந்து பாத்தா? வாரக்கணக்குல கழிச்சு "அங்க எத்தனைடா"ன்னு கேட்டு ஒண்ணா எழுதிக்குவாங்கன்னு எங்க அப்பாரு சொல்லியிருக்காரு. வெசக்காச்சல் சமயத்துல கூலிக்கு குழி வெட்டப் போனவனே திரும்பி வந்து படுத்தான், அவனுக்கு வெட்ட ஆளில்ல, ஒரே குழியில ரெண்டு மூணுன்னு போட்டாங்கன்னும் சொல்லுவாரு.

காங்கேயத்தானுங்க, உங்க நோட்டுல எங்க ஜாதி போட்டிருக்கற வரிய எல்லாம் ஒருக்கா பாருங்க. தகப்பன் பேரு இருக்குதா? வயசு எல்லாம் 30, 40, 50னு ரவுண்டா இருக்குதா? இல்ல ஒரே தேதியில வரிசையா ஏழெட்டு பேரு இருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க.

பம்பாய் நகரத்துக்கு மட்டும் அந்த வருசத்துக் கணக்கு ஒண்ணு இருக்குது. தாழ்த்தப்பட்ட ஜனங்கள்ல ஆயிரத்துக்கு 61 பேரு செத்தாங்க, வெள்ளைக்காரங்கள்ல 8. அதே ஊரு, அதே காச்சல்.

#8 காங்கேயத்தான்

ரெண்டு நாளா லீவு போட்டு நோட்டோடதான் உக்காந்திருக்கேனுங்க.

தாத்தா சார், 1919 ஆடி ஆவணி ஜனனம் பாத்தேன். முன் வருசம் ரெண்டு பக்கம் இருந்த எடத்துல அரைப் பக்கங்கூட இல்ல. மொதல்ல பக்கம் கிழிஞ்சிருச்சோன்னு நெனச்சேன், தையல் எல்லாம் சரியாத்தான் இருக்குது.

@தெக்கால_வளவு அண்ணா, நீங்க சொன்னது மூணும் அப்படியே இருக்குதுங்க. கார்த்திகை மாசம் ஒரே தேதியில ஒம்போது பேரு. ஒருத்தருக்கும் தகப்பன் பேரு இல்ல. வயசு 30, 30, 40, 25, 30... "கருப்பன்"னே மூணு வாட்டி வருது, அது மூணு ஆளா இல்ல ஒரே ஆள மூணு வாட்டி எழுதிட்டாங்களான்னுகூட தெரியாது. படிக்கறதுக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. அந்தப் பக்கத்த உங்களுக்கு மெசேஜ்ல அனுப்பியிருக்கேன், உங்க வளவுல வயசானவங்ககிட்ட காட்டுங்க, எதாவது பேரு ஒத்து வந்தா சொல்லுங்க, நோட்டுல பக்கத்துல பென்சில்ல எழுதி வெச்சறலாம்.

#9 தாலுக்காபீஸ்_தாத்தா

பென்சில்ல எழுதாதீங்க! தனி நோட்டுல எழுதுங்க, அசல்ல கை வைக்கக்கூடாது.

ஜனனம் குறைஞ்சது அதுதான். ஐப்பசியில புருஷன் போயிட்டான், பொண்டாட்டி போயிட்டா, மிச்சமிருந்தவன் எழுந்து நடக்கவே ரெண்டு மாசம் ஆச்சு, ஆடி மாசத்துல பிள்ளை எங்க இருந்து வரும். செத்தவங்கள்ல பாதிக்கு மேல 20ல இருந்து 40 வயசுக்குள்ள இருந்தா ஆச்சரியப்படாதீங்க, அந்தக் காய்ச்சலோட குணமே அதான், கிழடுகள விட்டுட்டு உழைக்கிற வயசத் தூக்கினது.

தெக்கால வளவுக்காரர் சொன்னதுல எனக்கு மறுப்பு இல்ல. மெட்ராஸ்ல 1899லேயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்துடுச்சு, ஆனா கட்டாயம்கிறது நகராட்சிகளுக்கும் சட்டத்த நீட்டிச்ச ஊர்களுக்கும்தான். மத்த இடத்துல மணியக்காரர் கேள்விப்பட்டதை எழுதினது. அவர் காதுக்கு எது வந்துச்சோ அதுதான் கணக்கு.

இந்த நோட்டெல்லாம் ஏன் அட்டாலியில கிடக்குதுன்னும் சொல்லிடறேன். 1980 நவம்பர்ல பரம்பரை மணியம், கர்ணம் (கணக்குப்பிள்ளை) பதவியெல்லாம் ஒரே ராத்திரியில ஒழிச்சாங்க, அப்புறம்தான் வி.ஏ.ஓ. வந்தது. சாவிய ஒப்படைன்னு சொன்னப்ப ஒப்படைச்சவங்களும் உண்டு, கோவத்துல கேஸ் போட்டுட்டு பெட்டியோட வீட்டுல வச்சுக்கிட்டவங்களும் உண்டு. நான் சேந்த புதுசுல ஒரு ஊர்ல அரை நூற்றாண்டுக் கணக்க மாட்டுக் கொட்டகையில இருந்து அள்ளிட்டு வந்தோம்.

#10 மலைநாட்டான்

நான் இலங்கை மலையகத்திலே ஹட்டன் பக்கத்திலிருந்து எழுதுறேன். இந்த இழைய எங்க ஆட்கள் க்ரூப்ல ஒருத்தர் போட்டிருந்தார்.

உங்க ஊர்களிலே செத்தவங்களைத் தேடுறீங்க. அங்கே கணக்கிலேயே வராம காணாமப் போனவங்க நாங்க. பூட்டன் துறையூர்ப் பக்கமாம், அந்தக் காலத் திருச்சிராப்பள்ளி ஜில்லா. கங்காணி (தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவர்) கூட்டிட்டு வந்தது, மண்டபம் கேம்ப்பிலே அடைச்சு வைச்சு ஊசி போட்டு, தலைமன்னார் வழியா மலைக்கு ஏத்தினது. அங்க ஊர்ல கேட்டா "கண்டிச்சீமைக்குப் போனாங்க, போனவங்கதான்"னு ஒரு வரியிலே முடிஞ்சிடும். இங்க செத்தவங்களைத் தேயிலைக்கு நடுவிலே புதைச்சது, அடையாளத்துக்கு ஒரு கல்லு வைச்சா உண்டு, கொஞ்ச வருஷம் போனா அந்த மலையை மறுபடி நடுவாங்க, கல்லும் போயிடும். என் பாட்டிக்கு அவ அம்மா எந்த லயத்திலே (தோட்டத்து வரிசை வீடு) செத்தான்னு தெரியும், எங்க கிடக்கிறான்னு தெரியாது. செக்ரோல் புஸ்தகத்திலே (தோட்டத்து வேலையாள் பதிவு) பேர் இருக்கும், பேர் நின்ன நாள்தான் செத்த நாள்னு நாங்களா எடுத்துக்கணும்.

தென்னாப்பிரிக்காவிலே நேட்டாலுக்குப் போனவங்களுக்கு எங்களை விட நல்ல பதிவு இருக்கு. 1860இலே இருந்து 1911 வரைக்கும் போன ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேருக்கும் கப்பல் லிஸ்ட் இருக்கு, பேர், தகப்பன் பேர், வயசு, ஜாதி, ஊர், ஜில்லா, உடம்பிலே என்ன தழும்புன்னுகூட. ஒப்பந்தக் கூலின்னு பேர் எழுதினதாலே வந்த லாபம் அது ஒண்ணுதான். எங்களைக் கங்காணி கடன்லே கூட்டிட்டு வந்ததாலே அந்த மாதிரிப் பதிவு இல்லை.

காங்கேயத்தான், 1918-20லே திடீர்னு ஒரு குடும்பமே நோட்டிலே வராம நின்னு போயிருந்தா அது செத்ததாத்தான் இருக்கணும்னு இல்லை. கப்பல் ஏறியிருக்கலாம்.

#11 சும்மா_வந்தவன்

ஓகே, நான் போட்ட கமெண்ட் கொஞ்சம் ஓவர்தான். எங்க பாட்டி அடிக்கடி தாது வருஷப் பஞ்சம்னு ஒண்ணு சொல்லும், கம்பங்கூழுக்குக்கூட வழியில்லாம புல்லு விதையக் குத்தித் தின்னாங்கன்னு, அதுவும் இதே 1918 தானா?

#12 தாலுக்காபீஸ்_தாத்தா

இல்லப்பா, தாது 1876-77. நாற்பது வருஷம் முன்னாடி. ஆனா உங்க பாட்டி ரெண்டையும் கலந்து சொல்லியிருக்கலாம், ஏன்னா 1918லயும் பருவமழை பொய்ச்சுது, யுத்தத்தால அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் தாறுமாறா ஏறிப் போய் செப்டம்பர்ல மெட்ராஸ்ல கடையெல்லாம் சூறையாடினாங்க. வயிறு காஞ்சு கிடந்த ஜனத்து மேலதான் அடுத்த மாசம் காய்ச்சல் வந்து விழுந்தது. பாட்டிகளுக்கு எல்லாக் கஷ்டமும் தாது வருஷந்தான்.

#13 கிராமச்செவிலி

நடுவுல ஒரு சின்ன கேள்வி. #1ல சொன்ன பாட்டி வயசு 22, வீட்டுல கைக்குழந்தை. அவங்க அப்ப மறுபடி மாசமா இருந்தாங்களான்னு குடும்பத்துல யாராவது சொல்லியிருக்காங்களா? நான் 20 வருஷமா துணை சுகாதார நிலையத்துல இருக்கேன், கர்ப்பிணிங்களுக்கு ஃப்ளூ எவ்ளோ ஆபத்துன்னு எங்களுக்கு ட்ரெய்னிங்ல சொல்றப்பவே 1918தான் உதாரணம். மாசமா இருந்து அந்தக் காய்ச்சல் வந்து நிமோனியா ஆன பொண்ணுங்கள்ல பாதி பேர் பிழைக்கல.

#14 காங்கேயத்தான்

செவிலியக்கா, நீங்க கேட்டது எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி ஆயிருச்சுங்க.

ஊருக்குக் கெழக்க, பழைய வண்டித்தடத்துல ஒரு சுமைதாங்கிக் கல்லு இருக்குது. ரெண்டு கல்லு நட்டு மேல ஒரு கல்லு குறுக்க. சந்தைக்குத் தலைச்சுமையா போறவங்க யாரு உதவியும் இல்லாம அது மேல இறக்கி வெச்சுட்டு நின்னு மூச்சு வாங்கிட்டுப் போவாங்க. அது "நம்ம கல்லு"ன்னு வீட்ல சொல்லுவாங்க, பொங்கலுக்கு சுண்ணாம்பு அடிக்கறது எங்க வீட்டு மொறை. ஏன்னு நான் கேட்டதே இல்லீங்க! நேத்து எங்கப்பாகிட்ட கேட்டேன், "வாயும் வயிறுமா செத்தா கல்லு போடுவாங்கடா, வயித்துச் சுமைய எறக்காம போயிட்டாளேன்னு"ன்னு சாதாரணமா சொல்றாரு. இத்தனை வருசம் தெரிஞ்சும் இதையும் அதையும் ஒண்ணா சேத்துப் பாக்கல நாங்க.

மேல் கல்லுல எழுத்து இருக்குதாம். சுண்ணாம்புக்கு அடியில.

#15 பாலாத்து_மணல்

சுண்ணாம்ப உளி வச்சு கொத்திடாதீங்க ப்ரோ. தண்ணி, தேங்கா நாரு, பொறுமை, அது போதும். எழுத்துல மாவு, மஞ்சள், சாக்பீஸ் எதுவும் தேய்க்க வேணாம். ராத்திரி போங்க, டார்ச்ச கல்லோட ஒட்டி ஒரு பக்கமா சாய்ச்சு அடிங்க, பகல்ல தெரியாத எழுத்து நிழல் விழுந்து எந்திரிச்சு நிக்கும். நடுகல்லெல்லாம் நாங்க அப்படித்தான் படிக்கிறோம்.

#16 பொருநைக்கரை

கல்லுல இல்லாட்டியும் வருத்தப்படாதீங்க. பேர் எங்க போகும்னா பேரனுக்கும் பேத்திக்கும்தான் போகும், அதனாலதான அந்த வார்த்தையே. உங்க அப்பாரு தன் மகளுக்கு யார் பேர வச்சாருன்னு பாருங்க. எங்க அப்பா என் தங்கச்சிய ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, "ஏட்டி", "பாப்பா"தான், ஏன்னா அது அவுக அம்மா பேரு. பெத்த தாய் பேரச் சொல்லி எப்படி அதட்டுறது. உங்க வீட்டுல அப்படி யாராச்சும் இருக்காங்களா?

#17 தெக்கால_வளவு

காங்கேயத்தானுக்கு: பக்கம் வந்துச்சுங்க, நன்றி. எங்க பெரியாத்தாளுக்கு 91 வயசு, படிச்சுக் காட்டினேன். ஒம்போதுல நாலு பேர இன்னாருன்னு சொல்லிருச்சு. அந்த மூணு கருப்பனும் மூணு ஆளுதான். ஒருத்தரு பறை அடிக்கறவரு, ஒருத்தரு ஏத்தம் மிதிச்சவரு, ஒருத்தருக்கு கால் ஊனம், கிழக்கால வேம்புக்கடியில உக்காந்து செருப்புத் தெச்சவரு. செத்தப்ப இதுக்குப் பொறக்கக்கூட இல்ல, அவங்காத்தா சொல்லி சொல்லி அப்படியே இருக்குது. வாயில இருந்த கணக்கு நோட்டுல இருந்த கணக்க விட சுத்தமா இருக்குது, என்னத்தச் சொல்ல. மிச்சம் அஞ்சு பேருக்கு இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேக்கணும்.

#18 காங்கேயத்தான்

நேத்து ராத்திரி போயிட்டு வந்தோமுங்க. நானு, எங்கப்பா, எங்க பெரியத்தை. அத்தைக்கு 83, வேண்டாம்னாலும் கேக்கல, குச்சி ஊணிட்டு வந்துருச்சு. சாயங்காலமே நாருல தேச்சு தேச்சு சுண்ணாம்பு நாலஞ்சு பருக்கை உரிஞ்சு வந்துச்சு, ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒண்ணு. அப்பறம் இருட்டின பொறகு டார்ச்ச சாய்ச்சு அடிச்சா, சாமி சத்தியமா, எழுத்து எந்திரிச்சு நின்னுச்சுங்க.

காளயுத்தி ௵ ஐப்பசி ௴. தேதி பக்கம் ஒடஞ்சிருக்குது. அதுக்குக் கீழ அப்பாரோட அப்பா பேரு முழுசா, "பெண்சாதி", அப்பறம் பேரு. பேருல மொதப் பாதி இல்லீங்க. "த்தாள்" மட்டும் இருக்குது. எங்க சீமையில பாதி பொம்பளைங்க பேரு "த்தாள்"லதான் முடியும், முத்தாத்தாள், செல்லாத்தாள், பழனாத்தாள், மாராத்தாள்னு.

மொதப் பாதி ஏன் இல்லீன்னா அந்த எடத்துல கல்லு குழியாத் தேஞ்சு வழவழன்னு இருக்குது. அருவா தீட்டித் தீட்டித் தேஞ்சது. சோளத்தட்டு அறுக்கப் போறவங்க எல்லாம் அங்கதான் ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் போவாங்க, நானும் சின்ன வயசுல தீட்டியிருக்கேன், அதே எடத்துல.

வரும்போது @பொருநைக்கரை அண்ணன் சொன்னத அத்தைகிட்ட கேட்டேன், உங்கப்பன் உங்கள என்னன்னு கூப்புடுவாருன்னு. "அம்மணின்னுதான். சாகற வரைக்கும் பேரு சொல்லி ஒரு வாட்டி கூப்புட்டதில்ல, உங்கப்பனையெல்லாம் பேரு சொல்லித்தான் திட்டுவாரு, என்னைய மட்டும் அம்மணி. எம்மேல பாசம்னு நெனச்சுட்டு இருந்தேன்"னுது. அப்பறம் ஒண்ணும் பேசல.

காத்தால மறுக்கா தனியாப் போயி தேஞ்ச எடத்த வெரல் வெச்சு அளந்தேன். மத்த எழுத்தோட அகலத்துக்கு அங்க மூணு எழுத்துப் பிடிக்கும். அத்தை பேருலயும் "த்தாள்"க்கு முன்னாடி மூணுதானுங்க.

ஃபோட்டோ போட்டா அப்லோட் ஆக மாட்டேங்குது, சைஸ் பெருசுங்குது.

#19 பாலாத்து_மணல்

கம்ப்ரஸ் பண்ணாதீங்க, எழுத்து போயிடும். நாலு துண்டா வெட்டிப் போடுங்க. உடைஞ்ச தேதிப் பக்கம் முதல்ல.